ஒரு குரோஸ் தீப்பெட்டி

தீப்பெட்டி லேபிளைக் கிழியாமல் உரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பெட்டியை லேபிள் கீழே இருக்கும்படி மிதக்கவிட வேண்டும். இருபது நிமிடம் தொடக்கூடாது. உள்ளே பசை இளகும். அவசரப்பட்டு நகத்தால் கீறினால் ஓரம் கிழிந்துவிடும். பொறுமையாக இருந்தால் தாள் தானாகவே கழன்று வரும். அதைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்தில் வழவழவென்று இருக்கும் பசையை விரல்நுனியால் தேய்த்துக் கழுவி, இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை ஏற்றிவிட்டால் மறுநாள் காலையில் லேபிள் புதிதுபோல இருக்கும்.

எட்டு வயதில் இதைக் கற்றுக்கொண்டேன். இப்போது முப்பத்தாறு. நடுவில் பொறியியல் படித்தேன், மென்பொருள் வேலைக்கு வந்தேன், ஐந்து வீடுகள் மாறினேன். ஆல்பங்கள் எல்லா வீட்டுக்கும் கூடவே வந்தன. அப்பாதான் ஆரம்பித்துவைத்தார். பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் காலிப் பெட்டிகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். அம்மா மட்டும் அந்தப் பக்கமே வரமாட்டாள். வீட்டைப் பெருக்கும்போது என் தட்டையும் பெட்டிகளையும் துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளுவாள். “இந்தக் குப்பைய வெளிய வச்சுக்கய்யா” என்பாள். குப்பை என்றுதான் அவள் நினைக்கிறாள் என்று இருபத்தெட்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் கண்புரை அறுவை சிகிச்சைக்காக அம்மா சென்னைக்கு வந்து என்னோடு ஒரு மாதம் இருந்தாள். கட்டுப் பிரித்த நாலைந்து நாளில் எல்லா நிறமும் பளிச்சென்று தெரிகிறது என்று சொல்லி வீட்டில் இருக்கும் ஒவ்வொன்றையும் எடுத்தெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பழைய மரச்சீவல் பெட்டிகளைத் தண்ணீரில் போட்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மிதந்து வந்த ஒரு லேபிளை எடுத்தாள். முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. திருப்பினாள். பசையைக் கட்டைவிரலால் உருட்டி மூக்கருகில் கொண்டுபோனாள்.

“மரவள்ளி மாவு. மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுனது.”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“பூச்சி அரிக்கக் கூடாதுன்னு போடுவாங்க. பிள்ளைக பசியில தின்னுறக் கூடாதுன்னும்தான்” என்றாள். பிறகு, “இத எதுக்குய்யா கழுவுற? இதுதான நாங்க செஞ்சது” என்றாள்.

எட்டு வயதிலிருந்து பதினைந்து வயதுவரை அம்மா சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்திருக்கிறாள். எங்கள் பக்கம் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆபீஸ்தான். 1970களின் தொடக்கம் அது. அப்பாவுக்குத் தெரியும். எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

*

தீப்பெட்டி லேபிள் சேகரிப்பதற்கு ஆங்கிலத்தில் ஃபில்லுமெனி என்று பெயர். பிரியம் என்ற கிரேக்கச் சொல்லையும் வெளிச்சம் என்ற லத்தீன் சொல்லையும் சேர்த்து, 1943இல் பிரிட்டனைச் சேர்ந்த மார்ஜரி எவன்ஸ் என்ற சேகரிப்பாளர் உருவாக்கிய சொல் அது. உலகம் முழுக்க இதற்கு ஆட்கள் உண்டு. ஜப்பானின் தெய்ச்சி யோஷிஸாவா 1925இல் தொடங்கிச் சேர்த்தவை 7 லட்சத்துக்கும் மேல். அமெரிக்காவில் பெட்டியைவிட அட்டை மடிப்புக்குத்தான் மவுசு. ஜோஷுவா பியூஸி என்ற ஃபிலடெல்ஃபியா வக்கீல் 1892இல் காப்புரிமை வாங்கிய ‘மேட்ச்புக்’ அது. ஓட்டல், வங்கி, விமான நிறுவனம் என்று யார் வேண்டுமானாலும் தன் விளம்பரத்தை அச்சடித்து இலவசமாகக் கொடுக்கலாம் என்பதால் அங்கே அது பரவியது. நம் ஊரில் நட்சத்திர ஓட்டல்களோடு நின்றுவிட்டது. என்னிடம் முப்பதுதான் இருக்கின்றன.

மற்றதெல்லாம் பெட்டி. கல்லூரி முடித்த வருடம் எல்லாவற்றையும் ஒரு எக்செல் ஷீட்டில் ஏற்றினேன். பெயர், படம், நிறம், தயாரித்த நிறுவனம், ஊர், தோராயமான காலம், குச்சிகளின் எண்ணிக்கை, கிடைத்த இடம். எட்டுப் பத்திகள். நண்பர்களிடம் பெருமையாகக் காட்டுவேன். அம்மா பசையை முகர்ந்த அன்று ராத்திரி அதைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பெட்டிகளைப் பற்றி எனக்குத் தெரிந்த வரலாற்றை ஆரம்பத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும்போல இருந்தது. இந்த முறை லேபிளின் பின்பக்கத்திலிருந்து.

*

உரசினால் பற்றும் தீக்குச்சியை முதலில் விற்றவர் ஜான் வாக்கர். இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார். 1827 ஏப்ரலில் விற்பனை தொடங்கியது. காப்புரிமை வாங்கச் சொன்னார்கள், அவர் வாங்கவில்லை. அடுத்த சில வருடங்களில் மற்றவர்கள் வெள்ளை பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். சுவர், செருப்பு என்று எதில் தேய்த்தாலும் பற்றிக்கொள்ளும். அந்தப் புகையைச் சுவாசித்து வேலை பார்த்தவர்களுக்குத் தாடை எலும்பு அழுக ஆரம்பித்தது.

தப்பிக்க வழி ஸ்வீடனிலிருந்து வந்தது. 1844இல் குஸ்தாஃப் எரிக் பாஷ் என்ற வேதியியலாளர் மருந்தை இரண்டாகப் பிரித்தார். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் நஞ்சில்லாத சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் சந்தித்தால் மட்டுமே நெருப்பு. யோன்ஷோப்பிங் நகரத்தின் லுண்ட்ஸ்ட்ராம் சகோதரர்கள் அதைப் பெரிய அளவில் தயாரித்து 1855 பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் வாங்கினார்கள். இன்று நம் அடுப்படியில் இருக்கும் பெட்டியின் பாட்டன் அதுதான். பெட்டி இல்லாமல் அந்தக் குச்சி எரியாது என்பதால் பெட்டியும் பொருளின் பாதி ஆகிவிட்டது. பெட்டி இருந்தால் லேபிள் வேண்டும். லேபிளுக்குப் படம் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்தியாவுக்குத் தீப்பெட்டி ஸ்வீடன், ஆஸ்திரியா, ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. அந்த லேபிள்களில் கிருஷ்ணனும் லட்சுமியும் யானையும் புலியும் இருப்பார்கள். நம் சாமிகளை எங்கோ பனி விழும் ஊரில் அச்சடித்து அனுப்பினார்கள். வாங்குபவருக்கு எழுத்துப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும். புத்தகமோ காலண்டரோ இல்லாத வீட்டுக்குள்கூட அச்சடித்த படம் ஒன்று காலணாவோடு நுழைந்துவிடும். நான் லேபிள்களை நேசித்ததற்குக் காரணம் இதுதான். இப்போதும் நேசிக்கிறேன்.

இந்த வியாபாரம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவர ஆசைப்பட்ட ஒருவர் இருந்தார். ஸ்வீடனின் ஈவார் க்ரூகர். அரசாங்கங்களுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்கு அந்த நாட்டின் தீப்பெட்டி ஏகபோகத்தை எழுதி வாங்குவார். 1920களின் கடைசியில் உலகத் தீப்பெட்டி உற்பத்தியில் பாதிக்கும் மேல் அவர் பிடியில் இருந்தது. 1932 மார்ச் 12 அன்று பாரிஸில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். பிறகு கணக்குகளைத் திறந்து பார்த்தால் பெரும்பகுதி பொய்.

க்ரூகர் நம் நாட்டுக்கும் வந்தார், நிறுவன ரூபத்தில். 1922இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இறக்குமதித் தீப்பெட்டிமீது குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டது. பெட்டியின் விலையைவிட வரி அதிகம். வெளியிலிருந்து அனுப்புவதைவிட உள்ளே தயாரிப்பது லாபம் என்று கணக்குப் போட்ட ஸ்வீடிஷ்காரர்கள் 1923இல் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியை ஆரம்பித்தார்கள். சுருக்கமாக விம்கோ. அதன் ஆலைகளில் ஒன்று சென்னை திருவொற்றியூரில் வந்தது. சென்னை மெட்ரோவின் நீல வழித்தடத்தில் வடக்கே கடைசிவரை போனால் விம்கோ நகர். தினமும் அறிவிப்பில் கேட்கும் அந்தப் பெயர் ஒரு தீப்பெட்டி ஆலையின் பெயர்.

*

அதே வரிதான் சிவகாசியையும் உண்டாக்கியது. 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். இருவரும் உறவினர்கள். சுதேசி இயக்கத்தின் சூட்டில் வங்காளத்தில் சிறு தீப்பெட்டிப் பட்டறைகள் முளைத்திருந்த நேரம் அது. சில மாதங்கள் தங்கித் தொழில் கற்றுக்கொண்டு 1923இல் ஊர் திரும்பித் தயாரிப்பைத் தொடங்கினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. கைத்தொழிலுக்குத் திரும்பினார்கள். மழை பெய்யாத கரிசல் பூமி. விவசாயம் வருடத்தில் சில மாதம் ஓடினால் பெரிது. வறண்ட காற்று தீக்குச்சிக்கு நல்லது. வேலை இல்லாத கைகளுக்குக் குறைவே இல்லை. மென்மரம் மட்டும் கேரளத்திலிருந்து வந்தது.

லேபிள் அச்சடிக்க லித்தோ அச்சகங்கள் வந்தன. தீப்பெட்டி மருந்தைக் கையாளத் தெரிந்தவர்கள் பட்டாசுக்குப் போனார்கள். அச்சகங்கள் காலண்டருக்கும் டைரிக்கும் போயின. குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாக எங்கள் ஊர்ப் பக்கம் சொல்வார்கள்.

என் ஆல்பத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு சமாச்சாரம் 1934இல் நடந்தது. உள்நாட்டில் தயாரான தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தது. பெட்டியின் குறுக்கே பாண்ட்ரோல் என்ற மெல்லிய வரிப்பட்டையை ஒட்டுவார்கள். பெட்டியைத் திறந்தால் அது கிழியும். வரி கட்டிய புதுப்பெட்டி என்பதற்கு அத்தாட்சி. சுதந்திரத்துக்குப் பிறகு இயந்திரத்தில் செய்யும் பெரிய ஆலைகளிடமிருந்து கைத்தொழிலைக் காப்பாற்ற, உற்பத்தி அளவைப் பொறுத்து வரியைப் படிப்படியாகப் பிரித்தார்கள். சின்ன யூனிட்டுக்குக் குறைந்த வரி. நோக்கம் நல்ல நோக்கம்தான். விளைவு என்னவென்றால், ஒரே முதலாளி தன் ஆபீஸைப் பெரிதாக்காமல் நாலாக, எட்டாக உடைத்தார். மனைவி பெயரில் ஒன்று, மச்சினன் பெயரில் ஒன்று. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, வடக்கே குடியாத்தம் என்று சிறு சிறு யூனிட்டுகள் பரவின. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி லேபிள்.

கிளி, மயில், தாமரை, ரோஜா, ரயில், ராக்கெட், கைராட்டை, காந்தி, குழந்தை, குத்துவிளக்கு. ஒரு லேபிள் விற்றுவிட்டால் அதே நிறம், அதே கட்டம், எழுத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பக்கத்து ஊரிலிருந்து இன்னொன்று வரும். அந்தப் போலிகளுக்காக நான் பஸ் ஏறிப் போயிருக்கிறேன். இத்தனை வகை ஏன் இந்த நிலத்தில் மட்டும் என்று வியந்து ஒரு குறிப்புக்கூட எழுதியிருக்கிறேன். அந்த வண்ணத்தில் பெரும்பங்கு வரி வகுப்பால் வந்தது. சின்ன யூனிட்டாக இருந்ததன் இன்னொரு விளைவும் உண்டு. யூனிட் எவ்வளவு சின்னதோ, அங்கே ஆய்வாளர் வருவதும் வருகைப் பதிவேடு இருப்பதும் அவ்வளவு அபூர்வம்.

*

“வண்டி நாலு மணிக்கு வந்துரும்” என்றாள் அம்மா. “ஆத்தா தூக்கத்தோட தூக்கி ஏத்திவிடும். ஏறின உடனே திருப்பித் தூங்கிருவோம். முழிச்சா ஆபீஸ்.”

தீப்பெட்டி வேலையில் பெரும்பகுதி நெருப்போடு சம்பந்தமில்லாதது. மருந்து முக்குவது ஆம்பளை வேலை. மற்றதெல்லாம் பெண்களும் பிள்ளைகளும் செய்வது. கட்டை அடுக்குவதுதான் அம்மாவின் முதல் வேலை. வரிவரியாகக் காடி வெட்டிய சட்டங்களில் ஒவ்வொரு காடிக்கும் ஒரு குச்சி வைத்து, சட்டத்தின்மேல் சட்டமாக ஏற்றி இறுக்க வேண்டும். குச்சிகள் ஒன்றையொன்று தொட்டால் மருந்தில் முக்கும்போது ஒட்டிக்கொள்ளும். கட்டை பாழ். சின்ன விரல்தான் வேகமாகப் போகும் என்பார்களாம். பிறகு அடிப்பெட்டி மடிப்பது, மேப்பெட்டி ஒட்டுவது, குச்சி அடைப்பது, கடைசியில் லேபிள். லேபிள் வேலை ஒசத்தி என்றாள். உட்கார்ந்த இடத்தில் படம் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

“என்ன படம்னு ஞாபகம் இருக்கா?”

“எதுய்யா ஞாபகம் இருக்கும். ஒரே படந்தான் நாளெல்லாம்.”

நான் ஒரு லேபிளில் ஒன்றுதான் வைத்திருப்பேன். இரண்டாவது கிடைத்தால் யாருக்காவது கொடுத்துவிடுவேன். அம்மாவுக்குக் கணக்கு குரோஸ். பன்னிரண்டு டஜன், 144. கூலி குரோஸுக்குத்தான். ஒரு பெட்டி கோணினாலும் குரோஸில் கழித்துவிடுவார்கள்.

இந்த குரோஸ் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் லண்டன் வருகிறது. விக்டோரியா காலத்துக் கிழக்கு லண்டனில் ஏழைக் குடும்பங்கள் வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டின. தாயும் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்து மரச்சீவலை மடித்து, தாளைச் சுற்றி, காய்வதற்குத் தரையெல்லாம் பரப்பிவைப்பார்கள். கூலி குரோஸுக்கு இரண்டேகால் பென்ஸ். பசையும் கட்டும் நூலும் அவர்கள் செலவு. ஸ்வீடனிலும் பெட்டி ஒட்டுவது வீட்டு வேலையாகத்தான் இருந்தது, பெண்களும் பிள்ளைகளும்தான் ஒட்டினார்கள். பதக்கம் வாங்கிய தீப்பெட்டியைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். இந்தப் பகுதியைச் சொன்னதில்லை.

அதே கிழக்கு லண்டனில் பிரையன்ட் அண்ட் மே ஆலையின் பெண்கள் 1888 ஜூலையில் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். சுமார் 1400 பேர். பெரும்பாலோர் சின்னப் பெண்கள். குறைந்த கூலி, அற்பக் காரணத்துக்கெல்லாம் அபராதம், தாடையை அழுகவைக்கும் பாஸ்பரஸ். அவர்களைப் பற்றி முந்தின மாதம் ‘லண்டனில் வெள்ளை அடிமைத்தனம்’ என்று கட்டுரை எழுதியவர் அன்னி பெசன்ட். அதே அன்னி பெசன்ட்தான். 1893இல் இந்தியா வந்தார், 1907இல் தியாசபிகல் சொசைட்டியின் தலைவரானார், 1933இல் அடையாறில் இறந்தார். பெசன்ட் நகருக்கு அவர் பெயர். சென்னையின் வடக்குக் கோடியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரும், தென்பக்கம் கடற்கரையில் தீப்பெட்டித் தொழிலாளிகளுக்காக எழுதியவரின் பெயரும் இருக்கின்றன. ரெண்டு நகருக்கும் நடுவே பல வருடம் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். இதைக் கவனித்ததில்லை.

அந்த வேலைநிறுத்தம் இரண்டு வாரத்துக்குள் முடிந்தது. அபராதங்கள் ரத்தாயின, சங்கம் உருவானது. வெள்ளை பாஸ்பரஸைத் தடைசெய்ய 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் உடன்படிக்கை செய்தன. இந்தியாவில் 1913இல் சட்டம் வந்தது. ஆகவே அம்மா அடுக்கிய குச்சி அவளுடைய தாடையை அழிக்கவில்லை. அந்தப் பெண்களுக்கு அவள் கடன்பட்டிருக்கிறாள். அவர்கள் கேட்டு வாங்கிய நஞ்சில்லாத குச்சி சாத்தூருக்கு வந்துசேர்ந்தது. அவர்கள் உருவாக்கிய சங்கம் எட்டு வயதுப் பிள்ளைக்கு வந்துசேரவில்லை.

*

சாத்தூர் காமராஜர் 1957லும் 1962லும் சட்டமன்றத்துக்கு ஜெயித்த தொகுதி. பள்ளிக்கூடங்களைத் திறந்தவர், மதியச் சோறு போட்டவர். அம்மா மூன்றாம் வகுப்புவரை அந்தச் சோற்றுக்காகத்தான் பள்ளிக்குப் போனாள். சோறு ஒரு ஆளுக்கு. சனிக்கிழமைக் கூலி வீட்டுக்கு. தம்பி தங்கைகள் மூன்று பேர் இருந்தார்கள். அம்மாச்சி ஆபீஸ் ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கியிருந்தது. “ஆத்தாவக் கொற சொல்லாத” என்று இரண்டு முறை சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது தீப்பெட்டி, பட்டாசு தயாரிப்பு தடைப் பட்டியலில் இருந்தது. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் சிவகாசியின் பிள்ளைகளை உலகத்துக்குக் காட்டியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் வைத்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை பார்த்துத்தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாயை நிதியில் சேர்க்க வேண்டும். தீர்ப்பு, பிரச்சாரம், இயந்திரம், சத்துணவு, ஊருக்கு ஊர் வந்த பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து அந்தக் காலை நாலு மணி வண்டி மெல்ல மெல்ல நின்றது.

1996 என் எட்டாவது வயது. தட்டில் தண்ணீர் ஊற்றி முதல் லேபிளை உரித்த வருடம். அந்தத் தீர்ப்பு வந்த டிசம்பரில் நான் மேற்கு மாம்பலம் அத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்திருப்பேன். அம்மா தன் எட்டு வயதில் ஒட்டியதை நான் என் எட்டு வயதில் உரித்தேன். அவள் துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளியது எதை என்று இப்போதுதான் புரிகிறது.

இந்தத் தொழிலை வெறுத்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றும் அந்தப் பக்கத்தில் லட்சக்கணக்கானோர் இதை நம்பித்தான் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். 2007இலிருந்து ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டி 14 வருடம் கழித்து 2021 டிசம்பர் 1 அன்றுதான் இரண்டு ரூபாய் ஆனது. பிளாஸ்டிக் லைட்டர் வந்து விற்பனையைச் சரித்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்யக்கூடாது என்று 2023இல் ஒன்றிய அரசு தடை போட்டது. அடுப்புக்கே இப்போது லைட்டர், பல வீடுகளில் சாமி விளக்குக்கு மட்டும்தான் தீப்பெட்டி. லேபிளை ஒட்டுவதும் போய்விட்டது, அட்டையிலேயே படம் அச்சாகி வருகிறது. கழுவ ஒன்றுமில்லை, கத்தரித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

*

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அம்மா தானாகவே ஆல்பத்தைக் கேட்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். பெரும்பாலும் பேசவில்லை. சில இடத்தில் விரலை வைத்து, “இது நம்ம ஆபீஸ்ல ஓடுச்சு” என்றாள். ஒரு மயிலைக் காட்டி, “இதுல பச்சை சாயம் கையெல்லாம் ஒட்டும், சோறு திங்கையில கசக்கும்” என்றாள். இன்னொன்றைக் காட்டி ஒரு தோழியின் பெயரைச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுவாளாம். எக்செல் ஷீட்டில் ஒன்பதாவதாக ஒரு பத்தி சேர்த்து, ஒட்டியவர் என்று தலைப்பு வைத்து, அவள் சொல்லச் சொல்ல நிரப்பினேன். பதினோரு வரிசை நிரம்பியது. மற்றவை காலியாக இருக்கின்றன. காலியாகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். மரச்சீவல் பெட்டிகளில் மிச்சமிருந்த ஆறையும் தண்ணீரில் போடவில்லை. பசையோடு, பெட்டியோடு அப்படியே அலமாரியில் இருக்கின்றன.

“மொத்தம் எத்தன இருக்கு?” என்று கேட்டாள்.

“நாலாயிரத்து நூறும்மா. இருபத்தெட்டு வருசம் ஆச்சு சேர்க்க.”

கண்ணை மூடி ஒரு நொடி உதட்டை அசைத்தாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான் போனில் கால்குலேட்டரைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

“இருபத்தெட்டரை குரோஸ்கூட முழுசா வரல. நாங்க மூணு பேரு உக்காந்தா ரெண்டு நாள் வேலய்யா.”

சொல்லிவிட்டு ஆல்பத்தை மூடி என்னிடம் கொடுத்தாள். இந்த முறை குப்பை என்று சொல்லவில்லை.